ஊர் நினைவை வரைந்து பெயர் வாங்குதல்

சிங்கப்பூரில் வரைகலை படித்து வெளியே வரும் இளைஞர்கள் பெயர் வாங்குவதற்கு நன்றாகப் பழகிப்போன ஒரு வழி இருக்கிறது. பழைய வட்டாரம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் கட்டடம், பலகாரம், காப்பிக் கோப்பை, தரை ஓடு எல்லாவற்றையும் நேர்த்தியாக வரைவார்கள். அஞ்சலட்டையாகவும் துணிப்பையாகவும் அச்சடித்துச் சந்தைகளில் விற்பார்கள். அதைப் பார்த்த கடைக்காரரோ அமைப்போ தமக்கும் ஒரு சின்னம் செய்து தரும்படி கேட்பார்கள். அங்கிருந்து பிராண்டிங் வேலை தொடங்கிவிடும். புக்கிட் மேராவுக்குள் அடங்கும் தியோங் பாருவில் இந்த வழியின் நிறையையும் குறையையும் ஒன்றாகவே பார்க்கலாம்.

அங்கே வரையப் பொருள் நிறைய. சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 1936 முதல் கட்டிய குடியிருப்புகள் அவை. வளைந்த மூலைகள், பின்புறத்துச் சுழற்படிகள், வெள்ளைச் சுவர்கள். 2003ல் போருக்கு முந்திய 20 புளோக்குகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவிக்கப்பட்டன. 2010ல் அங்குள்ள யோங் சியாக் தெருவில் ‘ஃபார்ட்டி ஹேண்ட்ஸ்’ காப்பிக்கடை வந்தது. அடுத்த ஆண்டு ‘புக்ஸ் ஆக்சுவலி’ புத்தகக் கடை வந்தது. பழைய கட்டடமும் புதிய கடையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது, அவற்றுக்கிடையே சின்னம், பெயர்ப்பலகை, பட்டியல் அட்டை, பொட்டலத்தாள் செய்து தர ஆள் தேவைப்பட்டது. ஒரு வட்டாரமே வடிவமைப்பாளருக்கு வேலை கொடுத்தது.

இந்த வழியின் முதல் நன்மை, யாரும் கேட்காமலேயே தொடங்கலாம் என்பது. புதிதாக வரும் வடிவமைப்பாளரிடம் வாடிக்கையாளர் இருக்கமாட்டார். வாடிக்கையாளர் இல்லாமல் காட்டுவதற்கு வேலையும் இருக்காது. இந்த முடிச்சைத் தாமே ஒரு வேலையை உண்டாக்கித்தான் அவிழ்க்க முடியும். சிங்கப்பூரின் வரைகலை வரலாற்றில் மதிக்கத்தக்க பெயர்கள் பல இப்படித்தான் எழுந்தன. லாசால் கலைக் கல்லூரியில் படித்த நான்கு நண்பர்கள் 1994ல் தொடங்கிய ‘ஃபங்க்’ குழு, தங்கள் விருப்பத்துக்குச் செய்த படைப்புகளால்தான் கவனம் பெற்றது. அவர்களில் ஒருவரான ஜாக்சன் டான்தான் பின்னாளில் நாட்டின் ஐம்பதாம் ஆண்டுக்கான எஸ்ஜி50 சின்னத்தை, அந்தச் சிவப்புப் புள்ளியை, வடிவமைத்தார். வடிவமைப்பாளர் தீசியஸ் சான் 2000ல் தொடங்கிய ‘வெர்க்’ இதழும் யாரும் கேட்டு வந்ததன்று. தாளைக் கிழித்தும் அச்சைச் சிதைத்தும் அவர் செய்த இதழ்கள் அவரை உலக அளவில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

தியோங் பாருவுக்கே உரிய சான்று யிப் இயூ சோங். கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் சுவரோவியம் தீட்டியவர் அவர். 2016ல் அந்த வட்டாரத்துச் சுவர்களில் பறவைக் கூண்டு மூலையையும், பழைய வீட்டுக் கூடத்தையும், சந்தையையும் குறி சொல்பவரையும் தீட்டினார். மக்கள் படமெடுக்கக் கூடினார்கள். 2018ல் வேலையை விட்டு முழுநேர ஓவியரானார். அந்தச் சுவர்களின் முன் நின்று பார்த்தால் காரணம் புரியும். நாட்காட்டி எந்தப் பக்கம் தொங்கும், தையல் இயந்திரம் எங்கே நிற்கும் என்று வாழ்ந்தவருக்குத் தெரிந்த விவரங்கள் அவற்றில் இருக்கின்றன. வரைகலை வகுப்பில் சுவிட்சர்லாந்தின் கட்டப் பக்கமைப்பையும் லண்டன் சுவரொட்டியையும் மட்டும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, தன் தெருவையும் வரையலாம் என்று காட்டியது பெரிய காரியம். அதை நான் குறைத்து மதிக்கமாட்டேன்.

ஆனால் அவருக்குப் பின்னால் வந்த கூட்டத்தைப் பார்க்கும்போது கவலை வருகிறது. ஒரே வளைந்த பால்கனி, ஒரே பூப்போட்ட ஓடு, ஒரே அடுக்குப் பலகாரம், ஒரே காப்பிக் கோப்பை. வரைந்தவரின் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. தனி அடையாளம் தேடித் தொடங்கிய வழி, எல்லோரையும் ஒரே சாயலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தனித்தன்மையை உருவாக்கித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் ஒரு தொழிலில் இது சிறிய குறையாகாது.

இதைவிட ஆழமான குறை ஒன்று இருக்கிறது. துணிப்பைகளில் அதிகம் வரும் படங்களில் ஒன்று தோ பாயோவின் டிராகன் விளையாட்டுத் திடல். அதை 1979ல் வடிவமைத்தவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய கோர் இயன் கீ. அடுக்குமாடிகளுக்கு இடையே வளரும் பிள்ளைகளுக்கு ஏறவும் சறுக்கவும் ஒரு பொருள் வேண்டும். அது உறுதியாக இருக்க வேண்டும். இந்த ஊருடையதாகவும் தெரிய வேண்டும். இந்தத் தேவைகளுக்குச் சிறு ஓடுகள் பதித்த உடலும் மணல் தரையும் கொண்ட டிராகனை அவர் விடையாகத் தந்தார். நாம் இன்று ஏக்கத்தோடு பார்ப்பது, அன்றைய ஒரு வடிவமைப்பாளர் தன் காலத்துச் சிக்கலுக்குக் கண்ட புதிய தீர்வு. தியோங் பாருவின் வளைந்த சுவர்களும் 1930களில் அதி நவீனமானவை. அந்தப் புறவடிவத்தை மட்டும் திரும்பத் திரும்ப வரைபவர், அவற்றை வடிவமைத்தவர்கள் செய்த வேலையின் சாரத்தைத் தொடுவதில்லை. இன்று முதியோர் நிறைந்த புக்கிட் மேரா புளோக்குகளில் மருந்துச் சீட்டு படிக்க எளிதாக இருக்கிறதா, மின்தூக்கிக் கூடத்து அறிவிப்பு கண்ணில் படுகிறதா என்று பார்ப்பதுதான் கோர் இயன் கீ செய்த வேலையின் நேரடித் தொடர்ச்சி. அதை யாரும் துணிப்பையில் அச்சிடமாட்டார்கள். ஆனால் நல்ல வடிவமைப்பாளர் அங்கேதான் தேறுவார்.

யாருடைய நினைவு வரையப்படுகிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. இதே புக்கிட் மேராவில் டிப்போ சாலையில் ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம் இருக்கிறது. பாசிர் பாஞ்சாங் பக்கம் இயங்கிய அலெக்சாண்டிரா செங்கல் சூளையில் உழைத்தவர்கள் 1913 வாக்கில் வைத்து வணங்கிய அம்மன், இடம் மாறி 1980களில் இங்கே வந்து சேர்ந்தாள். இந்த நகரத்துக்குச் செங்கல் சுட்டவர்களின் கோயில். தியோங் பாருவின் அஞ்சலட்டைகளுக்கும் இந்தக் கோயிலுக்கும் இடையே பேருந்துப் பயணம் சில நிமிடந்தான். ஆனால் அந்தச் சூளையையும் அந்த உழைப்பாளிகளையும் கருப்பொருளாக்கிய வரைகலைப் படைப்பு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அவர்களுக்கு வளைந்த பால்கனி இல்லை. காப்பிக்கடைச் சுவருக்கு ஏற்ற நிறமும் இல்லை. எளிதில் அழகாகும் நினைவு மட்டும் அச்சேறுகிறது.

தேக்கா பக்கம் போனால் குறை வேறு வடிவம் எடுக்கிறது. அந்த லிட்டில் இந்தியா வட்டாரத்தில் லாசாலும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் இணைந்து 2015ல் தொடங்கிய ஆர்ட்வாக் நிகழ்ச்சி, தெருச் சுவர்களுக்கு நல்ல ஓவியங்களைத் தந்திருக்கிறது. ஆனால் வணிகப் பொருள்களிலும் விளம்பரங்களிலும் தமிழ் எழுத்து பல நேரம் கோலத்தைப் போல ஓர் அலங்காரமாகவே வருகிறது. வடிவமைத்தவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆங்கிலப் பேரெழுத்துகளை அகலமாக இடைவிட்டு அமைப்பதுபோல் தமிழையும் இழுத்தால், ‘கா’வின் கால் தனியே நடந்துபோய்விடும். ‘கெ’யில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும்; வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் அது பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு தொங்கும். 2017ல் தேசிய தின அணிவகுப்புக்கான வெளியீடு ஒன்றிலேயே தமிழ் எழுத்துகள் குலைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாட்டில், 2015 முதல் யுனெஸ்கோவின் வடிவமைப்பு நகரம் என்ற பெயரும் பெற்ற நாட்டில், இது வருத்தத்துக்குரியது.

இங்கேதான் தமிழ் இளைஞருக்கு ஒரு தொழில்வாய்ப்பு திறந்து கிடக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிடப் பெரும்பாலும் நீளும். ‘கீ’ மேலே ஏறும், ‘கூ’ கீழே இறங்கும். அதனால் வரிகளுக்கிடையே இடம் கூடுதலாக வேண்டும். சீனம் சதுரத்துக்குள் அடங்கி நிற்கும்போது பக்கத்தில் தமிழ் எந்த அளவில், எந்தக் கனத்தில் நின்றால் இரண்டும் ஒரே குரலில் பேசும்? இதற்கு விடை காணத் தமிழ் படிக்கத் தெரிந்த கண்ணும் வரைகலைப் பயிற்சியும் ஒருவரிடமே இருக்க வேண்டும். முன்னோடிகள் இல்லாத துறையன்று இது. சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் 1995ல் இணையத்தில் ஏற்றியபோது தமிழை அங்கே தெரியவைத்தவர் இங்கே ஆசிரியப் பயிற்சி தந்த நா. கோவிந்தசாமி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. அந்தக் கருவிகளின் எழுத்துருப் பட்டியலில் ‘எம்என்’ என்று முடியும் பெயர்கள் அவருடைய முதலெழுத்துகளைச் சுமப்பவை. இருவருமே ஒரு தேவையிலிருந்து தொடங்கியவர்கள்.

நினைவை வரைவதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாடகை கட்ட வேண்டிய இளைஞருக்கு விற்கும் அட்டை சோறு போடுகிறது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வருமானமும் உறுதியானதன்று. வட்டாரத்தின் அழகு பரவப் பரவ வாடகையும் ஏறுகிறது. அட்டைகளை வாங்கி வைக்கும் சிறு கடைகளுக்குத்தான் முதலில் மூச்சு முட்டுகிறது. ‘புக்ஸ் ஆக்சுவலி’ 2020ல் யோங் சியாக் தெருக் கடையை மூடி இணையத்துக்குப் போனது. ஒரு தெருவின் கவர்ச்சியில் மட்டும் கட்டிய பெயர் அந்தத் தெருவோடு தேயும்.

வடிவமைப்புக் கல்லூரிகளில் மரபுடைமை சார்ந்த இறுதியாண்டுத் திட்டங்களுக்கு மதிப்பெண் போடுபவர்கள் இதில் நிறையச் செய்யலாம். தியோங் பாருவைப் பற்றிய திட்டத்தோடு வரும் மாணவர் அங்கே வாழும் எத்தனை பேரிடம் பேசினார், எந்தப் பழைய வரைபடத்தைப் பார்த்தார் என்று கேட்கலாம். நான்கு மொழியில் வரும் சுவரொட்டியாக இருந்தால், தமிழ் வரியைத் தமிழ் தெரிந்த ஒருவர் திருத்திப் பார்த்த தாளையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லலாம். டிப்போ சாலைக் கோயிலில் இன்றும் சூளைக் காலத்துக் கதைகளைத் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கக்கூடும். அவர்களிடம் ஒரு மாணவர் குறிப்பேட்டோடு போய் உட்கார வேண்டும்.