தகுதியை அளப்பது யார்?

வாகனங்கள் தம்முள் செய்தி கடத்தும் ஓ.எல்.எஸ்.ஆர். விதிமுறையைக் கூர்ப்பு முறைகள் உள்ளிட்ட தேடல்முறைகளாற் செம்மை செய்ய முயன்றது, ஸ்பெயினின் மாலகா பல்கலைக்கழக ஆய்வாளர் 2012 இல் வெளியிட்ட கட்டுரை. முயற்சி வேண்டியதே. 2003 இல் வகுக்கப்பட்ட அவ்விதிமுறை, அயலிலுள்ளோரை அறியும் செய்தியை 2 செக்கனுக்கு ஒருமுறை அனுப்புமாறு விதந்துரைத்தது; மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனமோ அதற்குள் 40 மீற்றர் கடந்துவிடும்.

ஆயின் தேடலில் எவ்வமைப்பு எஞ்சவேண்டுமெனத் தீர்ப்பது யாது? செய்தி சேரும் வீதம், தாமதம், வலையமைப்பின் சுமை ஆகிய மூன்றுக்கும் ஆய்வாளர் இட்ட நிறைகளே. இயற்கைத் தேர்வுக்கு நடுவர் இல்லை, இங்கு உண்டு. கூர்ப்பு என்னும் பெயர் அந்நடுவரை மறைத்துவிடுகிறது. சராசரித் தாமதம் குறைந்தென்ன? விபத்தை எச்சரிக்கும் ஒரு செய்தி பிந்தின் அச்சராசரி எவரைக் காக்கும்? அச்செய்திக்கெனத் தனி நிறை வகுத்துத் தேடின், எஞ்சும் அமைப்பே வேறாதல் கூடும்.