டோனி அயோமியின் விரல்கள்

ராக் குழுக்களில் பெரியது எது என்ற பேச்சு வந்தால் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பலின் என்று பெயர்கள் வரிசைகட்டும். மூன்றும் பெரியவைதான். ஆனால் பின்னால் வந்தவர்களின் வாசிப்பையே மாற்றியது யார் என்று கேட்டால், நான் பிளாக் சபாத் பக்கம்.

பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் ஆலையில், 17 வயதில், அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் வலது கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் இயந்திரத்தில் துண்டாயின. இடதுகைக்காரர் என்பதால் கிட்டாரில் தந்தியை அழுத்துவதே அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். வழுக்காமலிருக்க மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளுக்கு மாறினார். 1971-இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சுருதியையும் இறக்கினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. ஹெவி மெட்டலின் கனம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததே.

1970-இல் வெளியான முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்துவிட்டார்கள். அதன் முதல் பாட்டைக் கேளுங்கள். மழை, மணியோசை, பிறகு மூன்றே ஒலிகள்: கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து பிரதி மத்தியமத்துக்கு இறக்கம். அந்த மத்தியமத்தை அயோமி நடுங்கவிடுவார். கல்யாணியில் அவ்வளவு இனிக்கும் சுரம், இங்கே துணையின்றித் தனியே நின்று மிரட்டுகிறது. பில் வார்டின் டிரம்ஸ் துளியும் அவசரப்படாது.

2006-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் இவர்களை மேடையேறி வரவேற்றவர்கள், மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் லார்ஸ் உல்ரிச்சும்.