வெள்ளைப் புகையின் வாசம்

லாரி கக்கும் கறுப்புப் புகையைத்தான் ஊர் திட்டும். ஒர்க்‌ஷாப்பில் கவலை தருவது வெள்ளை. அது எரியாத டீசலின் ஆவியாக இருக்கலாம், சிலிண்டருக்குள் கசிந்த கூலன்ட்டின் நீராவியாகவும் இருக்கலாம். டீசல் வாடையோடு கண்ணை எரித்தால் இன்ஜெக்டர், டைமிங், கம்ப்ரஷன் பக்கம் தேட வேண்டும். லேசான இனிப்பு வாசம் வந்து ரேடியேட்டரில் கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் அந்த இனிப்பும் இராது. குளிர்காலையில் கிளப்பியதும் வெள்ளைப் புகை வந்து, இன்ஜின் சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் பயமில்லை.

2020-இல் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் ஸ்கேனர் இருக்கிறதே, மூக்கு எதற்கு என்பார்கள். ஸ்கேனர் சென்சார் அறிந்ததைத்தான் சொல்லும். சிலிண்டருக்குள் துளித்துளியாகக் கசியும் கூலன்ட்டை நேரடியாகக் காணும் சென்சார் வழக்கமாக லாரியில் கிடையாது. பல நேரம் சூடு எகிறிய பிறகுதான் எச்சரிக்கை விளக்கு எரியும், அதற்குள் ஹெட் வளைந்திருக்கக்கூடும்.