பபூனுக்குப் பதில் சொல்லும் பெட்டி

புதுக்கோட்டை வட்டாரத்தில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்தில் திருவிழாக் காலத்தில் ஒட்டப்படும் வள்ளி திருமணம் நாடக நோட்டீஸில், ராஜபார்ட், ஸ்திரீபார்ட் படங்களுக்குக் கீழே ‘ஆர்மோனியம், பின்பாட்டு’ என்று ஒரு பெயர் இருக்கும். அந்த இரண்டாவது சொல்தான் விஷயம். ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவர் பாடுவார், பேசுவார், கோமாளியான பபூனிடம் ஏச்சும் வாங்குவார். இசை நாடகம் பற்றி எழுதப்பட்டவற்றில் அவருக்குக் கிடைத்த இடமோ நோட்டீஸில் கிடைத்ததைவிடச் சிறியது. டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ ஆசிரியர்களையும் கம்பெனிகளையும் நடிகர்களையும் கண்முன் நிறுத்துகிறது. ஆய்வாளர் தியடோர் பாஸ்கரன் மேடையில் ஒலித்த தேசியக் குரலைத் தேடிப் போனார். 2005-இல் வந்த சூசன் சைசரின் ஆங்கில நூல், நாடகக் கலைஞர்கள் சுமக்கும் இழிபெயரையும் பபூன்-டான்ஸ் காட்சியின் உள்விவகாரங்களையும் நுணுக்கமாகப் பார்த்தது. எல்லாம் தேவையான வேலைகளே. ஆனாலும் இசை நாடகத்துச் சிரிப்பில் பாதி பெட்டிக்காரருடையது என்பது என் கட்சி. வாழ்நாள் முழுக்க ஒரு வித்துவான் இந்த மேடையை விடாமல் இருப்பதற்கான காரணமும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

ஸ்பெஷல் நாடகம் என்று அழைக்கப்படும் இந்த மேடையில் கம்பெனி கிடையாது. ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்கென்று தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறார்கள். வேலன் மதுரைக்காரராக இருக்கலாம், வள்ளி காரைக்குடி, நாரதர் மணப்பாறை. ஒத்திகை என்ற பேச்சே இல்லை. கதை எல்லோருக்கும் தெரியும். யார் எந்த இடத்தில் எந்த மெட்டை எடுப்பார், எத்தனை கட்டைச் சுதியில் நிற்பார் என்பதுதான் தெரியாது. அதை முதல் வரியிலேயே பிடித்துக்கொள்ள வேண்டியவர் பெட்டிக்காரர். பபூன் வந்ததும் வேலை இன்னும் கடினமாகிறது. தோடியைக் கனமாக இழுக்கத் தொடங்குகிறார் பபூன். பெட்டி நிழல்போல் பின்னால் போகிறது. மேல் சட்ஜத்தைத் தொடப்போகும் நேரத்தில் சட்டென்று நிறுத்தி, ‘ஏண்ணே, எனக்குப் பாட்டு வருமா வராதா?’ என்று கேட்கிறார். ‘வர்ற மாதிரிதான் இருந்துச்சு, பாதி வழியில பஸ்ஸைத் தவறவிட்ருச்சு’ என்று பெட்டிப் பக்கமிருந்து பதில் வருகிறது, கூடவே ராகத்தில் இல்லாத ஒரு சுரமும். கூட்டம் வசனத்துக்கு லேசாகவும் அந்தச் சுரத்துக்குப் பலமாகவும் சிரிக்கிறது. தப்புச் சுரம் சிரிப்பாக வேண்டுமென்றால், அதற்கு முன்னால் சரியான தோடி இரண்டே நிமிடத்தில் கூட்டத்தின் காதில் பதிந்திருக்க வேண்டும். அரைகுறை வித்துவானால் அது ஆகாது.

இந்த இசைத் தேர்ச்சி தற்செயலாக வந்ததல்ல. வள்ளி திருமணத்தை மேடைக்கு எழுதிக் கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), கஞ்சிரா மேதை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் நிழலில் இசை பயின்றவர். பிள்ளை அவரை மகனாகவே பாவித்தார் என்பார்கள். லயக்காரரிடம் பழகிய கை எழுதிய தர்க்கப் பாட்டுகளில் வேலனின் கேள்வி முடியும் இடமும் வள்ளியின் பதில் எழும் இடமும் தாளத்துக்குள் அடங்கியே ஆக வேண்டும். நையாண்டியின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. வள்ளி திருமணத்துத் தினைப்புனத்தில் பறவை விரட்டும் இடத்தை நாடக நடிகர் விசுவநாததாஸ் எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள்: மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக் கொடுத்த பாட்டில், விரட்டப்படும் வெள்ளைக் கொக்கு வெள்ளைக்காரன் ஆகிவிட்டது. புதுக்கோட்டையில் பிறந்து நாடக மேடையில் வளர்ந்த பி.யூ. சின்னப்பா, ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தில் ஒரே காட்சியில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் தானே உட்கார்ந்தார். அந்த வேடிக்கையைத் தந்திரக் காட்சி என்று தள்ளிவிட முடியாது. பக்கவாத்தியத்துக்கும் ஒரு முகம் உண்டு என்பதை அறிந்த மேடைக்காரரின் குறும்பு அது.

மறுப்பு உண்டு. பபூன் காட்சியே இரட்டை அர்த்தம், அதைப் போய்க் கலை என்பதா என்பார்கள். ஆபாசம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. அதில் அடிபடுவது பெரும்பாலும் உடன் ஆடும் பெண் என்பதும் உண்மை. ஆனால் எல்லை மீறும் பேச்சை மேடையிலேயே இழுத்துப் பிடிக்க வாய்ப்புள்ளவரும் பெட்டிக்காரர்தான். பெட்டி சும்மா இருந்தால் பபூனுக்குப் பாதி பலம் போய்விடும். சினிமா மெட்டு வந்து எல்லாம் கெட்டது என்பது இன்னொரு புலம்பல். சுவாமிகள் காலத்துப் பார்சி மெட்டும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான், ஆர்மோனியமும் அப்படியே.

கச்சேரிக்கு ஆகாதவர் நாடகத்துக்குப் போனார் என்ற ஏளனம்தான் கொஞ்சம் கனமானது. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. கமகம் பேசாது, சுரம் கட்டையாக நிற்கும் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு சரி. அந்தக் கட்டைச் சுரம்தான் நகைச்சுவைக்குக் கைகொடுக்கிறது என்பதைச் சொன்னவர்கள் குறைவு: குழைந்து போகிற வாத்தியத்தால் வெட்டிப் பேச முடியாது. லண்டனில் கில்பர்ட்டின் வரிகளுக்கு இசையமைத்த சல்லிவனுக்கும் வேடிக்கை ஆபரா தன் தகுதிக்குக் குறைவானது என்ற மனக்குறை இருந்தது. 1891-இல் ‘ஐவன்ஹோ’ என்று கனமான ஆபரா எழுதினார். இன்றும் மேடையேறிக்கொண்டிருப்பது 1885-இல் வந்த வேடிக்கை நாடகமான ‘மிகாடோ’தான்.

சல்லிவனுக்கு ஒரு வசதி இருந்தது, சுரம் தாளில் இருந்தது. பெட்டிக்காரரின் பதில் எந்த நாடகப் பிரதியிலும் இல்லை. சுவாமிகளின் அச்சுப் புத்தகத்தைப் புரட்டும் ஆய்வாளர் கண்ணுக்கு அவர் தப்பியதும் அதனால்தான். இப்போது முழு இரவு நாடகங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. பபூன் பேசும்போது கேமரா பெரும்பாலும் பபூன் மேலேயே நிற்கிறது. பதில் சொல்லும் குரல் மட்டும் படத்துக்கு வெளியிலிருந்து கேட்கிறது.