கொசஸ்தலையாற்றுக் கரையில் ஒரு வகுத்தல் கணக்கு

ஒரு நாவல் ஆயிரம் பிரதி விற்றால் கொண்டாடுகிறோம். லட்சக்கணக்கில் அச்சாகிற மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. எனக்கு அதையும் ஒரு பிரதியாக வாசிக்கப் பிடிக்கும். அதிலும் கதை உண்டு, பாத்திரங்கள் உண்டு, நிலம் உண்டு. யாருடைய நிலம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதல்வர் தொடங்கி வைத்த இடம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த பள்ளத்தை நிரப்ப வேண்டும்; 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. முதல் மூன்று வகுப்புகளில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டே நான்கு, ஐந்துக்கும் போனது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்ததும், பாட்டு, விளையாட்டு, கைவேலை வழியாகக் கணக்கை உள்ளே கொண்டுவந்ததும் சின்ன விஷயமில்லை. ‘உனக்கு மண்டையில ஏறாது’ என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்த பழைய வகுப்பறையோடு ஒப்பிட்டால் இது பெரிய நகர்வு.

ஆனால் எப்படிச் சொல்லித்தருவது என்பதில் காட்டிய கவனம், எதைப் பற்றி என்பதில் இல்லை. வாக்கியமாக வரும் கணக்குகளைப் பாருங்கள். வழக்கம்போல மாம்பழம், பென்சில், மிட்டாய், பேருந்தில் ஏறி இறங்கும் பயணிகள். விடை வந்ததும் மாம்பழம் மறந்துபோகும். எந்த ஊருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை என்பதாலேயே எந்த ஊரிலும் வேர்பிடிக்காத வாக்கியங்கள்.

அதே மாவட்டத்துக் காட்டுப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாறும், வடக்கே பழவேற்காடு ஏரி. துறைமுகம், பக்கத்திலேயே அனல்மின் நிலையம், 2010லிருந்து ஒரு கடல்நீர்க் குடிநீர் ஆலை. அந்த ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். ஓர் ஆளுக்கு 100 லிட்டர் என்றால் எத்தனை பேருக்கு ஆகும்? ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. பாதி நீர் நல்ல தண்ணீராகப் பிரிந்து போனால், மிச்ச அரை லிட்டரில் எவ்வளவு உப்பு? அந்த உவர்நீர் எங்கே போய்ச் சேரும்? முதலிரண்டு கேள்வி கணக்கு, மூன்றாவது அறிவியல். அறிவியல் பாடம் எண்ணெய் நீரில் மிதக்கும் என்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் நின்றவர்கள் அதை வாளியால் அள்ளினார்கள். மிதப்பதால்தான் அள்ள முடிந்தது. அந்தப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இந்தக் கரையில் இல்லை.

பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் வலை போடும் இடங்களைக் குலுக்கல் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. இதை வைத்து நான் ஒரு கணக்கு எழுதிப் பார்த்தேன். 48 பேர். ஓர் இடத்தில் ஒரு நாளைக்கு 8 பேர் வலை போடலாம். இரண்டு இடம் இருந்தால் மூணு நாளைக்கு ஒருதடவை முறை வரும். ஓர் இடம் மண் மூடிப் போச்சுன்னா? விடையை எழுதி முடித்த பிள்ளை அதோடு நிறுத்தாது. ஏன் மூடிச்சு என்று கேட்கும். குலுக்கலில் பெண்கள் பேர் ஏன் இல்லை, கையால் இறால் பிடிக்கும் இருளர் பேர் ஏன் இல்லை என்றும் கேட்கும். ஊர்க்கணக்கு என்றாலே புனிதம் என்று நான் சொல்லவில்லை. ஊரின் அநீதியும் எண்ணாகவே நிற்கிறது.

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 1985ல் வெளியானது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளைக் கதையாகக் கொடுத்தபோது 74. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37. பிள்ளைகள் மாறவில்லை, மூளையும் மாறவில்லை.

இதைச் சொன்னால், ‘குலக்கல்வி வாசனை அடிக்குதே’ என்று சிலருக்குத் தோன்றும். தோன்றத்தான் வேண்டும். 1953ல் ராஜாஜி கொண்டுவந்து அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்ட அந்தத் திட்டம், அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. மீனவர் பிள்ளைக்கு மீன் கணக்கு மட்டும் என்றால் அதுவும் அதே வலைதான். அதனால்தான் பாட்டுக் கணக்கு அண்ணாநகர்ப் பிள்ளையின் புத்தகத்திலும் இருக்க வேண்டும் என்கிறேன். தேசியப் பாடத்திட்டத்தின் பழைய ஐந்தாம் வகுப்புக் கணக்கு நூலின் முதல் பாடமே மீனையும் படகையும் பற்றியதுதான். டெல்லியில் படித்த பிள்ளையும் அதைப் போட்டது. அதனால் யாரும் மீனவராகிவிடவில்லை. பெருக்கலோடு சேர்த்து இன்னொருவரின் பிழைப்பையும் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது எது பணயத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதன் விரிவாக்கத் திட்டம் 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்குவது. ஏக்கர், டன், லிட்டர், விழுக்காடு என்றுதான் இந்த ஊரின் எதிர்காலம் தாளில் எழுதப்படுகிறது. இன்று அரும்பில் இருக்கும் பிள்ளை நாளைக்கு அந்தத் தாளை வாசிக்க வேண்டியிருக்கும். ஆதரிக்கட்டும், எதிர்க்கட்டும், அது அவர்கள் முடிவு. வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைப்பது போலத்தான், எண்ணைப் புரியாமல் தலையாட்டுவதும்.

6,110ஐ 330ஆல் வகுத்தால் பதினெட்டரை மடங்கு வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வகுத்தல் தெரியும். இப்படியொரு கணக்கு இருக்கிறது என்பதை மட்டும் இன்னும் யாரும் அதன் புத்தகத்தில் எழுதித் தரவில்லை.