மட்ஸ் எடுப்பதும் முதல் குரூப் எடுப்பதும்

இந்த ஆண்டு எங்கள் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாடம் தெரிவு செய்ய உட்கார்ந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அண்ணன் மகள் சாதாரணதரப் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "மட்ஸ் எடுக்கட்டோ சித்தப்பா?" என்று கேட்டாள். திருச்சியில் பத்தாம் வகுப்பு முடித்த தங்கை மகன், "பயோ மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா மாமா?" என்றான். இருவருக்கும் எஞ்சினியர் ஆகவேண்டும். ஆனால் ஒருவருக்குச் சொன்ன பதிலை மற்றவருக்குச் சொல்ல முடியவில்லை.

இலங்கையில் உயர்தரத்துக்கு மூன்றே பாடம்தான். பொறியியல்பீடம் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். மருத்துவபீடத்துக்குக் கணிதத்தின் இடத்தில் உயிரியல் வேண்டும். ஆக, பதினாறு வயதிலேயே ஒரு கதவைச் சாத்திவிட்டுத்தான் பிள்ளை வகுப்புக்குள் நுழைகிறது. தமிழ்நாட்டில் முதல் குரூப்பில் கணிதமும் உயிரியலும் சேர்ந்தே கிடைக்கின்றன. "எதற்கும் இருக்கட்டும்" என்று பெற்றோர் அதையே எடுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பதைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பொறியியல் கட்-ஆஃபில் உயிரியலுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. மாநில நுழைவுத்தேர்வு 2007இல் போய்விட்டதால், கலந்தாய்வில் இந்த 200தான் பேசும். பொறியியல்தான் என்று மனம் உறுதிப்பட்ட பிள்ளை உயிரியலுக்குச் செலவிடும் நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுக்கட்டும் என்று தங்கையிடம் சொன்னேன்.

தமிழ்நாட்டில் பாதி நிறை கணிதத்துக்கு என்பதால், வேதியியலில் கொஞ்சம் சறுக்கினாலும் கணிதம் தூக்கிவிடும். இலங்கையில் அப்படியில்லை. அங்கே 2001 முதல் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடம் எழுதியவர்களின் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறது என்று பார்த்து, மூன்று பாடத்தையும் கூட்டி மூன்றால் பிரிப்பார்கள். இரசாயனத்துக்கும் கணிதத்துக்கும் ஒரே நிறை. மட்ஸ்காரனுக்கு இரசாயனம் என்னத்துக்கு என்று கடைசி மாதம்வரை தள்ளிவைத்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இடறியதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். இன்னொரு குழியும் உண்டு. இரசாயனத்துக்குப் பதிலாகத் தகவல் தொழில்நுட்பம் எடுக்கலாம். எடுத்தால் கணினி விஞ்ஞானத்துக்கு விண்ணப்பிக்கலாம், பொறியியலுக்கு முடியாது. அண்ணன் மகளிடம் முதலில் சொன்னது இதைத்தான்.

தமிழ்நாட்டில் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருப்பதால், இடம் கிடைக்குமா என்பதைவிட எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதே கவலை. இலங்கையில் மொறட்டுவை, பேராதனை, ஒலுவில், கிளிநொச்சி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அரச பீடங்கள்தான். அதனால்தான் மூன்று தடவைவரை எழுதுகிறார்கள். இரண்டாம் தடவை எழுதுவதைச் சொல்லும் "செக்கண்ட் ஷை" என்ற சொல்லை வீட்டில் சின்னப்பிள்ளைகூட அறியும்.

ஆனால் இலங்கைப் பாடத்திட்டத்தில் ஒரு செல்வம் இருக்கிறது. இணைந்த கணிதத்தின் இரண்டாம் தாள் பெரும்பாலும் நிலையியலும் இயக்கவியலும். விசையைப் பிள்ளை பௌதிகத்தில் ஒருமுறை, கணிதத்தில் இன்னொருமுறை படிக்கிறது. கரடான நிலத்தில் ஊன்றி, ஒப்பமான சுவரில் சாய்ந்த ஏணி. அதில் ஒருவன் ஏறுகிறான். ஏணி வழுக்காமல் எவ்வளவு தூரம் ஏறலாம்? இதைப் பத்து வடிவத்தில் போட்டுப் போட்டு, படத்தில் அம்புக்குறி இடும்போதே விடை எங்கே போகும் என்று கைக்குத் தெரிந்துவிடும். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணிதத்தில் அணிகளும் கலப்பெண்களும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் உண்டு, ஏணி இல்லை. அது இயற்பியலோடு நின்றுவிடுகிறது. முதலாண்டுப் பொறியியலில் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் வந்து நிற்கும்போது பல பிள்ளைகள் திகைப்பது இதனால்தான் என்பது என் எண்ணம். கணிதப் புத்தகத்துக்குள் ஏணி திரும்பி வரவேண்டும்.

அந்தக் கணக்கை மருமகனுக்குப் போனில் அனுப்பினேன். இரவு பத்தரைக்குப் பதில் வந்தது. கொப்பியில் படம் வரைந்திருந்தான். அம்புக்குறிகள் எல்லாம் சரி, கிடைவிசையும் நிலைக்குத்து விசையும் சமப்படுத்தியிருந்தான், அதற்குக் கீழே வெறுமை. "மாமா, திருப்பம் எடுக்கச் சொல்லியிருக்கீங்களே, எங்க புத்தகத்துல இருக்கிற திருப்பு விசைதானே அது?"

அதுதானடா, ஏணியின் அடியில் நின்று எடு என்று எழுதினேன்.