ஊவா மலைப்பாதையில் ஒயில் கூலர்: குளிர்ச்சியும் அளவும்

வேகக் கார்களில், தயாரிப்பாளர் பொருத்தி அனுப்பிய எண்ணெய்க் குளிர்விப்பு அமைப்பை நீக்கியோ அதனோடு சேர்த்தோ பெரியதொரு ஒயில் கூலரைப் பொருத்துவது, காரைப் பந்தயத்துக்குத் தயார்ப்படுத்துவதன் முதற்படியாகவே பலராலும் கருதப்படுகிறது. இவ்வழக்கத்தை எடைபோட இலங்கையின் ஊவா மாகாணம் பொருத்தமான களமாகும். வெல்லவாயாவின் வெப்பத்தில் புறப்படும் கார், கொஸ்லந்தை வழியே அப்புத்தளையை அடைவதற்குள் ஆயிரம் மீற்றருக்கும் மேல் ஏறிவிடுகிறது. தியத்தலாவையின் ஃபொக்ஸ் ஹில் சுப்பர் க்ரொஸ் பந்தயக் களமோ, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரத்தில் உள்ள, புழுதி கிளம்பும் மண் ஓடுதளம்.

எஞ்சின் ஒயில் உராய்வைக் குறைப்பதோடு, பிஸ்டனின் அடிப்புறத்திலிருந்தும் டர்போவின் சுழல்தண்டிலிருந்தும் வெப்பத்தை ஏந்திச் செல்லும் பணியையும் செய்கிறது. அது பொதுவாக 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் சிறப்பாக இயங்கும். அதற்கு மேல் வெப்பம் ஏற ஏற எண்ணெயின் பாகுநிலை, அதாவது உலோகப் பரப்புகளுக்கிடையே படலமாக நிற்கும் தடிப்பு, குன்றுகிறது. ஏறத்தாழப் பத்துப் பாகை கூடும்போதெல்லாம் எண்ணெய் கெடும் வேகமும் இரட்டிக்கிறது. ஆனால் வெப்பம் மிகக் குறைந்தாலும் கேடு உண்டு: எண்ணெயில் கலந்த நீரும் பெற்றோலும் ஆவியாகி வெளியேறாமல் தங்குகின்றன; அந்நீர் எண்ணெயோடு குழைந்து, எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்மஞ்சள் களிம்பாகப் படிகிறது.

தயாரிப்பாளர்கள் இச்சிக்கலை இருவழிகளில் அணுகியுள்ளனர். சுபாரு இம்ப்ரெஸாவின் டர்போ வகைகளில், ரேடியேட்டர் நீரே எண்ணெயின் வெப்பத்தைப் பெற்றுக்கொள்ளும் வெப்பமாற்றி, ஒயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே அடக்கமாக அமைந்திருக்கிறது. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் வரிசையிலோ, முன் பம்பரின் ஓரத்தில் காற்றால் குளிரும் தனிக் கூலர் உண்டு. நீர்வழி அமைப்பு காலைக் குளிரில் எண்ணெயை விரைந்து சூடாக்குகிறது. கல்லடிக்கும் சேற்றுக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் கார் முதலாம், இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போதும் ரேடியேட்டர் விசிறியின் துணையைப் பெறுகிறது. எனினும் நீரைவிடக் குறைந்த வெப்பநிலைக்கு எண்ணெயை அதனால் கொண்டுவர இயலாது. நீர் கொதித்தால் எண்ணெயும் தப்பாது.

இக்குறையைத்தான் காற்றால் குளிரும் பெரிய கூலர் நிறைவு செய்கிறது. நெடுநேரம் உயர் சுழற்சியில் ஓடும் எஞ்சினுக்குத் தொழிற்சாலை அமைப்பு போதாமல் போகலாம் என்பதை 2009 மாதிரியாக விற்பனைக்கு வந்த நிசான் 370இசட் உணர்த்தியது: ஓடுதளத்தில் எண்ணெய் அளவுமீறிச் சூடாகும் குறை வெளிப்பட்டபின், தயாரிப்பாளரே பிற்கால வகைகளில் கூலரைச் சேர்க்க நேர்ந்தது. கூலரும் குழாய்களும் தாங்கும் கூடுதல் எண்ணெய், வெப்பம் ஏறும் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது.

ஆயினும் ஊவாவின் இயல்பு இந்நன்மைக்கு எல்லை வகுக்கிறது. தியத்தலாவை உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருப்பதால், கூலரின் தகடுகளிடையே செல்லும் காற்று சுமந்து செல்லும் வெப்பமும் குறைகிறது. மலைக்குளிர் இவ்விழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. மண் ஓடுதளத்தின் புழுதியும் சேறும் தகடுகளின் நுண்ணிய இடைவெளிகளில் அப்பிக் காய்ந்துவிட்டால், எவ்வளவு பெரிய கூலரும் காற்றைத் தடுக்கும் சுவராகிவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்தால் அதன் காற்றையும் மறிக்கும். ஒவ்வொரு கூடுதல் இணைப்பும் எண்ணெய் அழுத்தத்தைச் சிறிது குறைப்பதோடு கசிவுக்கும் இடம் தருகிறது. கசிந்த எண்ணெய் சூடான புகைபோக்கியில் பட்டால் தீப்பற்றும். டயரில் பட்டால் பிடிமானம் போகும். 2024 ஏப்ரல் 21 அன்று ஃபொக்ஸ் ஹில்லில் கார் தடம் விலகி ஏழு உயிர்கள் பறிபோனதன் காரணம் எதுவாயினும், பந்தயக் கார் பிடிமானம் இழந்தால் ஓட்டுநர் மட்டுமே அதன் விலையைக் கொடுப்பதில்லை என்பதை அத்துயரம் மறக்கவொண்ணாதபடி உணர்த்திவிட்டது.

ஆகவே பெரிய கூலர் வேண்டுமா என்பதை எண்ணெய் வெப்பமானியின் அளவீடே தீர்மானிக்க வேண்டும். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையே அன்றாடம் ஓடும் மாற்றியமைக்கப்படாத காருக்குத் தொழிற்சாலை அமைப்பே பெரும்பாலும் போதுமானது; அங்கே அந்தச் செலவை உரிய காலத்தில் எண்ணெய் மாற்றவும் ரேடியேட்டரைப் பேணவும் பயன்படுத்துவதே எஞ்சினுக்கு உண்மையான காப்பாகும். அளவீடு பெரிய கூலரைக் கோரினால், எண்ணெய் சுமார் 80 பாகையை எட்டும்வரை அதனைக் கூலருக்குள் முழுமையாக விடாத தெர்மோஸ்டாட், கல்லடியைத் தாங்கும் வலை, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் தகடுகளைக் கழுவும் பழக்கம் ஆகிய மூன்றும் இன்றி அதனைப் பொருத்துதல் தகாது. வெல்லவாயா வெயிலையும் அப்புத்தளை மூடுபனியையும் ஒரே பயணத்தில் கடக்கும் எஞ்சினுக்கு, எண்ணெயை உரிய எல்லைக்குள் நிலைநிறுத்தும் அமைப்பே சிறந்த அமைப்பாகும்.